நல்லா கீறேனுங்க

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, மற்ற அலுவலகங்களெல்லாம் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்த பிறகு, இங்கே ஜனங்களுக்கு வலி அதிகமாகிவிட்டது என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். வலி மாத்திரை அதிகமாகச் செலவாகிறது என்பதுதான் அதற்கு அவர்களிடம் இருந்த சாட்சி. மாத்திரைச் செலவைக் குறைத்தால் வலி தானாகக் குறையும் என்பது அடுத்த கண்டுபிடிப்பு. இரண்டையும் சேர்த்து ஒரு மையம் திறந்தார்கள். வலி மெய்ப்பீட்டு மையம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வலிக்கிறது என்று சொல்கிற யாரானாலும் அங்கே போய் அதை மெய்ப்பித்துக் காட்டவேண்டும். காட்டியவருக்கு மாத்திரை உண்டு. காட்ட முடியாதவருக்கு வலி கிடையாது.

மையத்துக்குச் சொந்தக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. அதனால் ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். இதில் ஒரு தப்பும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே ஒரு சரிவில் குடியிருக்கும் குஞ்சம்மாளிடம் யாராவது முன்கூட்டிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளிடம் யார் கேட்கப்போகிறார்கள்?

குஞ்சம்மாள் கடுக்காய் மூட்டையோடு சரிவில் உருண்டு விழுந்து பல வருஷமாகிவிட்டது. மூட்டை அப்போதே கிடைத்துவிட்டது. இடுப்புதான் திரும்பக் கிடைக்கவில்லை. இடுப்பில் பிடித்துக் குதிகால் வரைக்கும் இறங்குகிற வலி. பகலில் சாமைக் காட்டில் குனிந்து நிமிர்ந்து எப்படியோ அதை ஏமாற்றிவிடுவாள். படுத்தால் ஏமாறாது. இடது பக்கம் திரும்பினால் ஒரு குத்து, வலது பக்கம் திரும்பினால் ஒரு குத்து. அதனால் அவள் படுப்பதையே விட்டுவிட்டாள். சாமை மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடி, கிழிந்த துணியை ஒட்டுப் போடுவதுபோல் துண்டு துண்டாய்க் கொஞ்சம் தூங்குவாள். மலைக்கு வரும் நர்ஸ் பழனியம்மாள் கொடுக்கும் வெள்ளை மாத்திரை இருந்தால் அந்தத் துண்டுகள் கொஞ்சம் பெரிதாகும். அவ்வளவுதான் அவள் இந்த உலகத்திடம் கேட்டது.

பழனியம்மாள் ஒருநாள் வேப்பமரத்தடியில் நின்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அக்கா, கையில இருந்தத எல்லாம் குடுத்துட்டேன். இனிமே கள்ளக்குறிச்சி மையத்துல போயி, வலி கீதுன்னு அவங்க ஒத்துக்கினாத்தான் குடுக்கணுமாம். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

குஞ்சம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் பயந்தது வலிக்காக இல்லை. வலியோடு குடித்தனம் பண்ணிப் பழகியவள் அவள். போன மழைக்கு மலைப்பாதை சரிந்து மாத்திரை வராமல் போனதே, அந்த நாட்களை நினைத்துத்தான் பயந்தாள். தூக்கம் என்பதே இல்லாமல் போய், ஒரு விடியலில், கருக்கல் நேரத்தில், அவள் பெரிய பள்ளத்து விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். எப்படி வந்தோம் என்று தெரியவில்லை. கால் கூட்டிவந்திருந்தது. பின்னாலேயே வந்த நாய் குரைத்ததால் திரும்பிப் பார்த்தாள், வீட்டுக்கு வந்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். புருஷன் அம்மாசியிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனாலே அவளுக்குத் தன் கால்களைப் பார்க்கப் பயம்.

பெரிய இடத்துக்குப் போகிறோம் என்று மஞ்சள் பூசிக் குளித்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, கனகாம்பரம் சொருகி, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். அம்மாசியும் வெளுத்த வேட்டி கட்டி, அதிகாரிக்கென்று ஒரு பாட்டிலில் கொம்புத்தேன் எடுத்துக்கொண்டான். முதல் பஸ்ஸில் மலை இறங்கினார்கள். வளைவுக்கு வளைவு அவளுடைய இடுப்பு உள்ளுக்குள் அலறியது. முகம் மட்டும் ஒழுங்காக இருந்தது.

மண்டப வாசலுக்கு வந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். வாழைமரம் கட்டிய தூண், நல்வரவு என்று மின்னும் எழுத்து, உள்ளே சிவப்புத் துணி போர்த்திய மேடை.

"மாமா, இது கல்யாணம் பண்ற எடம்."

"தெரியுது."

"இங்கப் போயி எப்டி மாமா சொல்றது?"

அம்மாசிக்கும் அது உறைத்தது. அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் கூரைக்குக் கீழே நின்று தன் நோவைப் பேர் சொல்லக்கூடாது. சொன்னால் அது இறங்கி அந்த வீட்டோடு தங்கிவிடும், அந்த வீட்டில் இளையவள் யாரோ அவளைப் பிடிக்கும். நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்லவேண்டும். நோவைச் சொல்வதானால் வெளியே வந்து வானத்துக்குக் கீழே சொல்லிக்கொள்ளலாம், வானம் தாங்கும். பழனியம்மாள் வேப்பமரத்தடியில் மருந்து கொடுப்பதும் அதனால்தான். அவள் மலை ஏறிய புதிதில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து ஊரையே விசாரித்து, எல்லாரும் நலம் என்று கேட்டு ஏமாந்தவள். சாதாரண வீட்டுக்கே இப்படி என்றால் தாலி ஏறுகிற இடத்துக்கு எப்படி இருக்கும்?

உள்ளே சாப்பாட்டுப் பந்தி நாற்காலிகளில் வலிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மாப்பிள்ளை உட்காரும் ராஜா நாற்காலியில் மெய்ப்பீட்டு அலுவலர் கண்ணாயிரம் வீற்றிருந்தார். பக்கத்துப் பெண் நாற்காலியில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. அவர் மைக்கைத் தட்டினார், ஊதினார், எழுந்தார்.

"பெருமக்களே! வலி என்றால் என்ன? வலி என்பது ஒரு தகவல். தகவல் என்றால் சரிபார்க்கவேண்டும். சரிபார்க்காத தகவல் வதந்தி. நீங்களெல்லாம் உங்கள் உடம்பு பரப்புகிற வதந்தியை நம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது. எனக்கு மூட்டு வலி இல்லையா? இருக்கிறது. நான் யாரிடமாவது போய் நின்றேனா? இல்லை. நானே விண்ணப்பித்து, நானே விசாரித்து, எனக்கே ஒப்புதல் கொடுத்துக்கொண்டேன். அவ்வளவு எளிமையான நடைமுறை இது! இந்த மையம் திறந்தபின் மாவட்டத்தில் வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒருவருக்கும் ஒரு மருந்தும் கொடுக்காமல் குறைத்திருக்கிறோம். உலகத்தில் எந்த டாக்டராவது செய்ததுண்டா?"

கைதட்டும்படி உதவியாளர் ராஜாம்பாள் சைகை காட்டினாள். தோள் வலிக்காரர்கள் சிரமப்பட்டுத் தட்டினார்கள். நன்றாகத் தட்டியவர்களின் பெயரை ராஜாம்பாள் குறித்துக்கொண்டாள். அவர்களுக்கு அப்போதே குணமாகிவிட்டது.

குஞ்சம்மாளின் முறை வந்தது. மேடைப்படி ஏறினாள். செருப்பை யாரும் சொல்லாமலேயே கீழே கழற்றிவிட்டிருந்தாள்.

"வாம்மா. எப்படி இருக்கே?" என்றார் கண்ணாயிரம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே காகிதப்பூத் தோரணம். இந்த இடத்தில் எத்தனை பெண்கள் தலைகுனிந்து நின்றிருப்பார்கள், இன்னும் எத்தனை பேர் நிற்கப்போகிறார்கள்.

"நல்லா கீறேனுங்க."

"வலி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நீங்க நல்லா கீறீங்களா?"

கண்ணாயிரம் ஒரு நொடி அசந்துபோனார். ஓர் ஆளாவது தன்னை நலம் கேட்டாளே என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். "பாருங்கள்! மலை மக்களின் நேர்மை!" என்று மைக்கில் சொன்னார்.

அம்மாசி கீழேயிருந்து கத்தினான். "சார், அவ அப்டித்தான் சொல்லுவா. அவளுக்கு வ..." என்று ஆரம்பித்து, தோரணத்தைப் பார்த்துவிட்டு, அந்த வார்த்தையை அவனும் விழுங்கினான். "அது கீது சார். ஜாஸ்தியா கீது. நான் சொல்றேன்."

"ஒருவர் வலியை இன்னொருவர் சொல்வது ஆள்மாறாட்டம்" என்றார் கண்ணாயிரம். "உன் பெண்டாட்டிக்காக நீ தூங்க முடியுமா?"

அம்மாசி அவளைக் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்துவந்தான். வெயிலில், ரோட்டோரத்தில், தலைக்கு மேலே வெறும் வானம். குஞ்சம்மாளுக்கு வாய் திறந்துகொண்டது. இடுப்பில் பிடித்துக் குதிகால் வரை எப்படி இறங்குகிறது, இருமினால் எப்படி, தும்மினால் எப்படி, உட்கார்ந்தால் எழுவதற்கும் எழுந்தால் உட்காருவதற்கும் எப்படிப் பயம் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். பழக்கடைக்காரி எழுந்து வந்து கண்ணைத் துடைத்தாள். ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சார், வாங்க சார், வந்து கேளுங்க" என்று அம்மாசி கூப்பிட்டான்.

கண்ணாயிரம் வாசற்படி வரைக்கும் வந்தார். படியின் விளிம்பில், கால் கட்டைவிரல்கூட வெளியே நீளாமல், நின்றார்.

"எனக்குக் காது கேட்கிறது. ஆனால் கேட்க அதிகாரம் இல்லை. என் எல்லை இந்தப் படியோடு முடிகிறது. நீங்கள் நிற்பது நெடுஞ்சாலைத் துறை இடம். அங்கே சொல்லப்படும் வலி அவர்களைச் சேரும்."

"உள்ள வந்து சொல்லக்கூடாது சார். அது நல்லதுக்கு இல்ல."

"வெளியே வந்து கேட்கக்கூடாது, அப்பா. அது நடைமுறை இல்லை."

இரண்டு தரப்பிலும் வழக்கம் உறுதியாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு படி.

ராஜாம்பாள்தான் பாவம் பார்த்தாள். வாயால் மெய்ப்பிக்க முடியாதவர்களுக்குத் தூக்கப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. வலி இருந்தால் தூக்கம் வராது. தூங்காமல் இருந்து காட்டினால் ஒப்புதல். மணமகள் அறையில் ஏசியும் கட்டிலும் இருக்கின்றன, மதியம் முழுக்கப் படுத்திருக்கலாம்.

"ராத்திரிதானுங்க தூக்கம் வரல" என்றாள் குஞ்சம்மாள்.

"ராத்திரி ஆபீஸ் கெடையாதும்மா. ராத்திரி நீ தூங்குறியா முழிக்கிறியான்றது உன் சொந்த விஷயம்" என்றாள் ராஜாம்பாள். "நான் அப்பப்போ வந்து தூங்குறியான்னு கேப்பேன். பதில் சொல்லலன்னா தூங்கறன்னு அர்த்தம். தெளிவா சொன்னியானா நல்லா தூங்கித் தெம்பா கீறன்னு அர்த்தம்."

"அப்ப நான் இன்னா பண்றது?"

"அது விதியில சொல்லல."

மணமகள் அறையில் கண்ணாடி முழுக்கப் பழைய ஸ்டிக்கர் பொட்டுகள். எத்தனையோ கல்யாணங்களில் எத்தனையோ பேர் உட்கார்ந்து உட்கார்ந்து கட்டில் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. குஞ்சம்மாள் பயந்து பயந்து சாய்ந்தாள். அந்தப் பள்ளம் அவள் இடுப்பை அப்படியே ஏந்திக்கொண்டது. ஒரு குத்து வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. தூங்கிவிடுவோமோ என்று பயம் வந்தது. உதட்டைக் கடித்தாள், தொடையைக் கிள்ளினாள். பிறகு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. விழுந்த நாளிலிருந்து கண்டிராத தூக்கம், கனவில்லாத, கால்கள் எங்கும் கூட்டிப்போகாத தூக்கம் அவளைக் கொண்டுபோயிற்று. ராஜாம்பாள் தோளைத் தொட்டு எழுப்பியபோது ஏதோ அந்நிய நாட்டில் கண் விழித்தவளைப்போல் சிரித்தாள். சிரித்த அந்தக் கணத்திலேயே எல்லாம் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குறட்டை வேற" என்றாள் ராஜாம்பாள், நிஜமான வருத்தத்தோடு.

"அம்மா, இந்தக் கட்டில்லதான் தூக்கம் வருது. இதுமாரி ஒண்ணு குடுத்தீங்கன்னாக்கூடப் போதும், மாத்திரையே வேணாம்."

இதைக் கேட்ட கண்ணாயிரம் அதிர்ந்துபோனார். "அது பரிசோதனைக் கருவி அம்மா! கருவியைப் போய் வைத்தியத்துக்குக் கேட்கிறாயே!" கொம்புத்தேனை மட்டும் பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டு, கடைசி வாய்ப்பாக அடுத்த வாரம் ஒரு மறுவிசாரணைக்கு வரச் சொன்னார்.

அந்த வாரத்தில் மாத்திரை தீர்ந்தது. குஞ்சம்மாள் சாமை மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து தன் கால்களைக் காவல் காத்தாள். பகலில் அம்மாசி அவளைப் பலாமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தான்.

"எனக்கு வலி தாங்கல சார். அவ்ளோதான். கண்ண மூடிக்கினு சொல்லிடு."

"எனக்கு வலி தாங்கல சார்."

"ஆங். அங்க யாரு குடியிருக்காங்க? வெறும் மண்டபம். சொல்லிட்டு, எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டுட்டு வந்துடலாம்."

அவளும் அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். வெறும் மண்டபம், யாரும் இல்லாத இடம், நாற்காலியையா நோவு பிடிக்கப்போகிறது? இந்தத் தடவை சொல்லியே தீருவது என்று முடிவு செய்தாள். பயத்தில் எடுத்த முடிவுதான், ஆனாலும் முடிவு. எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மண்டபத்துக்குப் போனால் மேளச் சத்தம். அன்றைக்கு முகூர்த்த நாள். மண்டபக்காரர் முகூர்த்த நாளை விடுவாரா? மேடை கல்யாணத்துக்கு, மையம் மணமகள் அறையில் என்று ஏற்பாடு. வலிக்காரர்களுக்கும் மணப்பெண்ணுக்கும் ஒரே அறை. கண்ணாயிரம் கண்ணாடிக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கோப்புகள்மேல் யாரோ மல்லிகைப்பூப் பந்தை வைத்திருந்தார்கள்.

கட்டிலின் அந்தப் பள்ளத்தில் மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். ரொம்பச் சின்னப் பெண். இரண்டு கையிலும் மருதாணி.

"இன்னாக்கா, நின்னுக்கினே கீறீங்க? இப்டி உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

"இருக்கட்டும் கண்ணு."

"அந்தத் தண்ணிய கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களாக்கா? கையி ஈரமா கீது."

குஞ்சம்மாள் டம்ளரை எடுத்து அவள் வாயருகே பிடித்தாள். பெண் குடித்துவிட்டு, கண்ணாயிரத்துக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள். "பயமா கீதுக்கா."

"இன்னாத்துக்கு?"

"தெரியல. புது வூடு. யாரு எப்டி இருப்பாங்களோ."

"ஒண்ணும் ஆவாது" என்றாள் குஞ்சம்மாள். சொன்ன பிறகுதான், அது தன் கையில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"குஞ்சம்மாள்!" என்றார் கண்ணாயிரம். "கடைசி வாய்ப்பு. உனக்கு வலி இருக்கிறதா?"

கதவருகே அம்மாசி உதட்டை அசைத்தான். சொல்லு, சொல்லு. குஞ்சம்மாளின் கண்ணுக்கு முன்னால் மலையில் பார்த்த அந்தப் பெரிய பள்ளம் வந்தது. விளிம்பில் நின்ற தன் கால்விரல்கள் வந்தன. இன்றைக்கும் சாயங்காலம் வரும், நாளைக்கும் வரும். வெறும் நாலு வார்த்தை. வாயைத் திறந்தாள். பெண் கட்டிலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்த அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று. அவள் உதட்டில் இன்னும் தண்ணீர் ஈரம் இருந்தது.

"நல்லா கீறேனுங்க" என்றாள் குஞ்சம்மாள்.

அம்மாசி கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

கண்ணாயிரம் துள்ளி எழுந்தார். இரண்டு விசாரணையிலும் வலி இல்லை என்று தன் வாயாலேயே சொன்ன முதல் ஆள்! மையத்தின் முதல் முழு வெற்றி! தாலி கட்டி முடித்ததும் மேடையை ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கினார். குஞ்சம்மாளை ஏற்றினார். கல்யாண வீட்டுப் போட்டோக்காரரே படம் எடுத்தார்.

"இவரைப் பாருங்கள்!" என்று மைக்கில் முழங்கினார். "படுக்கையாய்க் கிடந்தவரா இவர் என்று கேட்பீர்கள். நடக்கிறார். சிரிக்கிறார். உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்கிறார், அவ்வளவு தெம்பு! இவருக்கு நாங்கள் என்ன கொடுத்தோம்? ஒன்றுமே கொடுக்கவில்லை. அதுதான் எங்கள் சிகிச்சை!" என்று சொல்லி ஒரு பொன்னாடை போர்த்தினார். மேளக்காரர்கள் இதுவும் சடங்கில் ஒன்று என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டினார்கள். பெண் வீட்டார் தாம்பூலப் பை கொடுத்தார்கள். மணமேடையிலிருந்து அந்தப் பெண் குஞ்சம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். பயம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

சாயங்கால பஸ்ஸில் மலை ஏறினார்கள். வெயில் மரங்களின் உச்சிக்குப் போய்விட்டது. பொன்னாடை அம்மாசியின் தோளில் கிடந்தது. அவன் அவளைத் திட்டவில்லை.

"மாமா."

"ம்."

"இன்னிக்கி ராத்திரி என் முந்தானைய உன் துண்டோட முடிஞ்சிக்கினு படு."

"ஏன்?"

குஞ்சம்மாள் மேலே பார்த்தாள். பஸ்ஸுக்கும் கூரை இருந்தது. முன் சீட்டில் யாரோ ஒரு பெண் மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எறங்குனப்புறம் சொல்றேன். நல்லா கெட்டியா முடி. நான் எழுந்தா ஒனக்குத் தெரியணும்."

அம்மாசி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, அவள் தன் கால்கள்மேல் வைத்திருந்த கையைப் பார்த்தான். அந்தக் கை அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு ஏதோ புரிந்தது. இரவு வரைக்கும் அவன் காத்திருக்கவில்லை. தோளிலிருந்த பொன்னாடையின் முனையை எடுத்து, எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துவிட்டு, அவள் முந்தானையோடு சேர்த்து முடிச்சுப் போட்டான்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாபா, புது மாப்ள, பொண்ணா?"

அம்மாசி சிரிக்கவில்லை. அதன்மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டு, அவிழ்கிறதா என்று பல்லைக் கடித்து இழுத்துப் பார்த்தான்.